ட்ரிகர் லேசாக இருந்தால் நல்லதா? பிஸ்டல் ‘அப்கிரேடு’ மோகமும் மறந்துபோகும் பாதுகாப்பும்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குள் நுழையும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? பெரும்பாலும் விலையைக் கூடக் கேட்க மாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டலை எடுத்துத் தரச் சொல்வார். உள்ளே தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, ஆளில்லாத பக்கமாக நீட்டி ட்ரிகரை மெதுவாக அழுத்துவார். ‘டிக்’. அந்த ஒரு நொடியிலேயே பாதி முடிவு ஆகிவிடும். “அட, வெண்ணெய் மாதிரி இருக்கே” என்றால் விற்பனை முடிந்தது. “உள்ளே மணல் போட்ட மாதிரி இருக்கு” என்றால் அடுத்த மாடல்.

வாங்கிய பிறகும் விடுவதில்லை. 20, 30 டாலருக்கு ஒரு சின்ன உலோகத் துண்டு, 100 டாலருக்கு மேல் கொடுத்தால் ட்ரிகர் செட் முழுவதும் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போன் வாங்கியதும் கேஸ், பைக் வாங்கியதும் சைலன்சர் மாற்றுவது போல, அங்கே பிஸ்டல் வாங்கியதும் ட்ரிகர் மாற்றுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

இதில் என்ன பிரச்சினை? பைக் சைலன்சரை மாற்றினால் சத்தம்தான் மாறும். இந்த வகை பிஸ்டலில் ட்ரிகரை மாற்றினால், அதன் முக்கியமான பாதுகாப்பு ஏற்பாடே மாறிவிடுகிறது. பலருக்கு இது உறைப்பதில்லை.

ஸ்ட்ரைக்கர் என்றால் என்ன?

பழைய படங்களில் ஹீரோ கட்டைவிரலால் பின்னால் இழுத்து ‘கிளிக்’ என்று நிறுத்துவாரே, அது ஹேமர். வெளியே தெரியும் சுத்தியல். அது முன்னால் பாய்ந்து ஒரு ஊசியைத் தட்டும். ஊசி தோட்டாவின் பின்பக்கம் உள்ள பிரைமரைக் குத்தும். குண்டு பாயும்.

ஸ்ட்ரைக்கர் வகையில் சுத்தியல் கிடையாது. ஊசியே ஸ்பிரிங்கோடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கும். ஸ்பிரிங் விடுபட்டதும் ஊசி நேராகப் பாய்ந்து பிரைமரைக் குத்தும். பாகங்கள் குறைவு, வெளியே எதுவும் துருத்திக்கொண்டு நிற்பதும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படைக்காக வந்த ரோத்-ஸ்டெயர் 1907 பிஸ்டலிலேயே ஸ்ட்ரைக்கர் உண்டு. அதில் ஸ்பிரிங் பாதிதான் இழுபட்டிருக்கும். மீதி பாதியை ட்ரிகரை அழுத்தும் விரல்தான் இழுக்க வேண்டும். குதிரை மிரண்டு துள்ளினால் வீரரின் கை தவறி வெடித்துவிடக் கூடாது என்பதே அந்த நீளமான அழுத்தத்துக்குக் காரணம்.

முக்கால் நூற்றாண்டு கழித்து அதே ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் கிட்டத்தட்ட அதே யோசனையைக் கையில் எடுத்தார். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17 பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அடுத்த 20 ஆண்டுகளில் அமெரிக்கப் போலீஸின் இடுப்பில் பெரும்பாலும் அதுதான் தொங்கியது.

பாதுகாப்பு பட்டன் எங்கே போனது?

கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி பட்டன் கிடையாது. இதற்கு முன் அமெரிக்க ராணுவத்தில் 70 ஆண்டுக்கும் மேல் இருந்த 1911 பிஸ்டலைப் பாருங்கள். அதன் ட்ரிகர் மிகக் குறுகியது, லேசானது. ஆனால் கட்டைவிரலுக்கு ஒரு சேஃப்டி, உள்ளங்கை அழுத்தினால்தான் விடுபடும் இன்னொரு சேஃப்டி என இரண்டு பூட்டுகள் உண்டு.

கிளாக் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டது. பதிலாக மூன்று ஏற்பாடுகளை உள்ளே வைத்தது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு. அதை அழுத்தாமல் ட்ரிகர் நகராது. ஊசியைத் தடுத்து நிற்கும் ஒரு முளை. கீழே விழுந்தால் ஸ்பிரிங் விடுபடாமல் பிடிக்கும் ஒரு படி. மூன்றுமே ட்ரிகரை அழுத்தும்போது தானாக விலகும். விரலை எடுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இதன் அர்த்தம் என்ன? விரல் ட்ரிகரில் பட்டு அழுத்திவிட்டால், குறுக்கே நிற்க வேறு எதுவும் இல்லை. தவறான ஓர் அழுத்தத்துக்கும் ஒரு உயிருக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டே விஷயங்கள்: ட்ரிகர் எவ்வளவு தூரம் நகர வேண்டும், எவ்வளவு பலம் கேட்கிறது.

அதாவது, இந்த வகை பிஸ்டலில் ட்ரிகரே பாதுகாப்பு பூட்டும்கூட. ‘அப்கிரேடு’ விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

‘ஃபீல்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

துப்பாக்கிப் பிரியர்கள் காபியை ருசி பார்ப்பது போல ட்ரிகரை அலசுவார்கள். ஆனாலும் அவர்கள் பேசுவது வெற்றுப் பேச்சு அல்ல. ஒரு ட்ரிகர் அழுத்தத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு.

முதலில் எதிர்ப்பே இல்லாமல் நகரும் தூரம், அதாவது டேக்-அப். பிறகு விரலுக்கு ‘இதோ, இனி வெடிக்கும்’ என்று சொல்லும் தடுப்பு. இதைச் சுவர் என்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டும்போது இழுபட்டு நகர்வது க்ரீப். ஸ்பிரிங் விடுபடும் நொடி பிரேக். கடைசியாக, அடுத்த தோட்டாவுக்கு ட்ரிகர் மறுபடி தயாராகும் இடம் ரீசெட்.

கிளாக்கில் டேக்-அப் கொஞ்சம் ஸ்பான்ஜ் மாதிரி இருக்கும். பிரேக் கண்ணாடி உடைவது போல இருக்காது, உருண்டு விழுவது போல இருக்கும். ஆனால் ரீசெட் ‘டக்’ என்று கைக்கே தெரியும். அழுத்தம் சுமார் 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ.

2005இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி முதல் தலைமுறையில் ரீசெட் கைக்குத் தெரியவில்லை என்ற புகார் இருந்தது. 2017இல் வந்த 2.0 வகையில் அதைச் சரிசெய்தார்கள். ஜெர்மனியின் வால்தர் பிபிகியூ 2011இல் வந்தபோது, அதன் ரீசெட் தூரம் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பதே பெரிய விளம்பரம். 2014இல் வந்த ஹெக்லர் அண்ட் காக் விபி9, 2017இல் வந்த செக் நாட்டு சிஇசட் பி-10சி இரண்டும் ‘கடையில் வாங்கியபடியே நல்ல ட்ரிகர்’ என்று பேர் வாங்கின.

இங்கே கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. கிளாக்கில் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் பாதி இழுபட்டு நிற்கும். மீதியை விரல் இழுக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் ஸ்பிரிங் ஏறக்குறைய முழுசாக இழுபட்டே நிற்கும். விரலுக்கு வேலை குறைவு, அதனால்தான் ‘ஃபீல்’ அருமை. வேறு மாதிரி சொன்னால், 1911இன் லேசான ட்ரிகரை நோக்கிப் போய்க்கொண்டே, 1911இல் இருந்த வெளிப் பூட்டுகளை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

லேசான ட்ரிகர் ஏன் பிடிக்கிறது?

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தோட்டா நிரம்பிய கிளாக் 19 ஒரு கிலோகூட வராது. அந்த எடையுள்ள பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே விரலால் 2.5 கிலோ பலம் கொடுக்கும்போது, துப்பாக்கி கொஞ்சமாவது ஆடத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் முன், பின் குறிகளுக்கு இடையே சுமார் 15 சென்டிமீட்டர். விரல் இழுப்பில் முன்குறி வெறும் 1 மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 4.7 சென்டிமீட்டர் தள்ளிப் படும். 25 மீட்டரில் சுமார் 17 சென்டிமீட்டர். ஆகவே லேசான ட்ரிகர் குறியைக் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான்.

ஒலிம்பிக் போட்டியே இதற்குச் சாட்சி. பாரிஸ் 2024இல் மனு பாகர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருந்தால் போதும். அவர் நான்காம் இடம் பிடித்த 25 மீட்டர் பிரிவில் குறைந்தது 1 கிலோ. ஆனால் அங்கே சூழலே வேறு. நடுவர் சொன்ன பிறகே தோட்டா போடுவார்கள். குழல் இலக்குப் பக்கம் மட்டுமே இருக்கும். யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு ஓட மாட்டார்கள், இருட்டில் யாரையும் துரத்த மாட்டார்கள்.

போட்டித் துப்பாக்கியின் ட்ரிகரை எடுத்து, தினமும் இடுப்பில் சுமக்கும் பிஸ்டலில் வைப்பது வேறு சமாச்சாரம்.

அப்போ கனமாக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

நியூயார்க் போலீஸ் அப்படித்தான் நினைத்தது. 1993இல் ரிவால்வரிலிருந்து 9 எம்எம் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியபோது, ரிவால்வரின் கனமான ட்ரிகருக்குப் பழகிய விரல்கள் தவறிவிடக் கூடாது என்று கிளாக்கில் சுமார் 12 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங்கைப் போடச் சொன்னது. 5.4 கிலோ. சாதாரண கிளாக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். துறையிலேயே அதற்கு ‘நியூயார்க் ட்ரிகர்’ என்று பேர் வந்துவிட்டது.

2012 ஆகஸ்ட் 24. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், சற்று முன் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்த ஆசாமியை இரண்டு போலீஸ்காரர்கள் எதிர்கொண்டார்கள். மிக நெருக்கத்தில் 16 முறை சுட்டார்கள். அவர் இறந்தார். கூடவே, தெருவில் போய்க்கொண்டிருந்த 9 பேர் போலீஸ் குண்டும் அதன் சிதறலும் பட்டுக் காயமடைந்தார்கள்.

அதற்கு ட்ரிகர் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. நெரிசலான தெரு, உயிர் பயம், சில நொடிகள். ஆனால் அதன் பிறகு அந்த 12 பவுண்டு பற்றிய கேள்வி பெரிதாக எழுந்தது. ஒரு கிலோகூட இல்லாத துப்பாக்கியில் ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தச் சொல்லிவிட்டு, ‘குறி தப்பாதே’ என்பது எந்த ஊர் நியாயம்? கனமான ட்ரிகர் சுடுபவரின் தவறைக் குறைக்கலாம். குறி தப்பிய குண்டின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

எதிர்த் திசையில் நடந்தது

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரிஃப் துறை மறுபக்கம் போனது. அங்கே பல காலம் இருந்தது பெரெட்டா 92. அதில் சேஃப்டி லீவர் உண்டு. முதல் குண்டுக்கு நீளமான, கனமான ட்ரிகர். துறை அதை விட்டுவிட்டு எம் அண்ட் பி 9 ஸ்ட்ரைக்கர் பிஸ்டலுக்கு மாறியது. குறி பார்க்கச் சுலபம், சின்னக் கைக்கும் பொருந்தும் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்.

ஆனால் துறையில் தவறுதலாக வெடித்த சம்பவங்கள் 2012இல் 12 ஆக இருந்தது, 2014இல் 30 ஆனது. புதிய பிஸ்டலின் கீழே டார்ச் லைட் மாட்டியிருந்தார்கள். கையை இறுக்கினால் லைட் எரியும். இருட்டில் லைட்டைப் போடக் கையை இறுக்கும்போது ட்ரிகரில் விரல் இருந்தால் என்ன ஆகும்? அதுவேதான் சில இடங்களில் நடந்தது.

உடல் இயங்கும் விதமே அப்படி. தசை இயக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா 2003இல் இதைத் தொகுத்துச் சொன்னார். திடீரென அதிர்ச்சி, கால் இடறுவது, இன்னொரு கையால் எதையாவது இறுக்கிப் பிடிப்பது: இந்த மூன்று நேரங்களிலும் துப்பாக்கி பிடித்த கை தானாக இறுகும். மனிதர் நினைத்துச் செய்வதல்ல. அந்த இறுக்கத்துக்கு 2.5 கிலோ பெரிய விஷயமே இல்லை.

ஆக, 12 பவுண்டு ஒரு பக்கம் தோற்றது, பயிற்சியை மாற்றாமல் வந்த லேசான ட்ரிகர் மறுபக்கம் தோற்றது. இரண்டு துறைகளும் ஒரே தவறைத்தான் செய்தன. பயிற்சி செய்ய வேண்டிய வேலையை ஒரு ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்தன.

தயாரிப்பிலேயே சறுக்கினால்?

சிக் சாவர் பி320 கதை இன்னும் சிக்கலானது. 2014இல் சந்தைக்கு வந்த ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் இது. 2017 ஜனவரியில் இதன் ஒரு வகையை அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு கோடையில், இந்த பிஸ்டல் பின்பக்கம் சாய்வாகத் தரையில் மோதும் ஒரு கோணத்தில் விழுந்தால், யாரும் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம் என்பது சோதனைகளில் வெளிவந்தது.

காரணம் பள்ளி இயற்பியல்தான். பிஸ்டல் தரையில் மோதி நிற்கிறது. ட்ரிகருக்கும் எடை உண்டல்லவா? அது மட்டும் நிற்காமல் தொடர்ந்து நகர்கிறது. பஸ் பிரேக் போட்டால் நிற்பவர் முன்னால் சாய்வது போல. அந்த நகர்வே விரல் அழுத்திய வேலையைச் செய்துவிடுகிறது.

2017 ஆகஸ்டில் நிறுவனம் தானாக முன்வந்து இலவச மாற்றத்தை அறிவித்தது. அதில் முக்கியமானது எடை குறைந்த ட்ரிகர். ராணுவச் சோதனையிலும் இதே குறை முன்பே தெரிந்து, அந்த பிஸ்டல்களில் எடை குறைந்த பாகங்கள் போடப்பட்டதாகப் பென்டகன் அறிக்கை பின்னர் சொன்னது.

அந்த பிஸ்டல் அப்போது நடைமுறையில் இருந்த விழும் சோதனைகளில் தேறியிருந்தது. சோதனை பார்க்காத கோணத்தில்தான் குறை ஒளிந்திருந்தது. மாற்றத்துக்குப் பிறகும், ட்ரிகரைத் தொடாமல் வெடித்தது என்று பல வழக்குகள் வந்தன. ட்ரிகர் அழுத்தாமல் வெடிக்காது என்று நிறுவனம் உறுதியாக மறுக்கிறது. சில வழக்குகள் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தன. 2024இல் பிலடெல்பியா ஜூரி ஒருவருக்கு 1.1 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

பெரிய ஆலையில் பொறியாளர்கள் பல ஆண்டு உழைத்துச் செய்த ட்ரிகரிலேயே சில கிராம் எடை இவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது. வீட்டு மேஜையில் வீடியோ பார்த்து மாற்றப்படும் ட்ரிகரை யார், எந்தக் கோணத்தில் போட்டுச் சோதித்தார்கள்?

‘அப்கிரேடு’ உண்மையில் என்ன செய்கிறது?

கடையில் விற்கும் மாற்றுகள் பெரும்பாலும் நான்கு வகை. ட்ரிகரின் தட்டையான முகம்: இது விரல் படும் விதத்தைத்தான் மாற்றும், பலத்தைப் பெரிதாக அல்ல. கனெக்டர்: கிளாக்கில் ஸ்ட்ரைக்கர் விடுபடும் இடத்தின் சரிவை மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும். ஸ்பிரிங்குகள். கடைசியாக, உள்பாகங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை லேசாக்கினால் அழுத்தம் குறையும். கூடவே ஊசி குத்தும் வேகமும் குறையும். கெட்டியான பிரைமர் உள்ள தோட்டா வெடிக்காமல் போகலாம். போட்டியில் அது சில நொடி நஷ்டம். தற்காப்புக்கு என்று வாங்கியவருக்கு அந்தச் சில நொடிதான் எல்லாமே. அளவு மீறித் தேய்த்தால் ஒன்றையொன்று பிடித்து நிற்க வேண்டிய விளிம்புகளே போய்விடும். முன்பயணத்தை வெட்டிக் குறைத்தால், உள்ளே இருக்கும் பூட்டுகள் முழுசாகப் பூட்டாமல் போகும் ஆபத்து உண்டு.

என்ன செய்யலாம்?

போட்டிக்கு மட்டும் வைத்திருக்கும் பிஸ்டல் என்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஐபிஎஸ்சி போட்டிகளின் புரொடக்‌ஷன் பிரிவில்கூட ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை விதி இருக்கிறது. விளையாட்டே கோடு போட்டு வைத்திருக்கிறது.

தினமும் சுமக்கும் பிஸ்டல் என்றால், ட்ரிகரை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். 150 டாலர் ட்ரிகர் செட்டுக்குப் பதில் அதே பணத்துக்குத் தோட்டா வாங்கி, ஒரு நல்ல பயிற்சியாளரிடம் ஒரு நாள் நின்றால் குறியும் முன்னேறும், ‘சுட முடிவு செய்யும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே’ என்ற பழக்கமும் கைக்குள் இறங்கும். 2.5 கிலோவையோ 5 கிலோவையோ நம்பாமல் வேலை செய்யும் ஒரே பாதுகாப்பு அந்தப் பழக்கம்தான்.

மிச்சம் இருப்பது அரசின் பங்கு. அமெரிக்காவில் பொம்மைக்கும் டோஸ்டருக்கும் பாதுகாப்புத் தரம் விதிக்கும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிமீது அதிகாரம் கிடையாது. சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் விழும் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. மற்ற இடங்களில் தயாரிப்பாளர்களே எழுதிய, தயாரிப்பாளர்களே விரும்பிப் பின்பற்றும் தரங்கள்தான். தனியாக விற்கும் ட்ரிகர் செட்டுகளின் நிலைமை அதைவிட மோசம்.

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிய சண்டை அங்கே தீராது. ஆனால் இது உரிமைச் சண்டை அல்ல. கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது என்பதில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் வெறுப்பவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இடுப்பில் சுமப்பவரின் காலுக்குத்தான் முதல் ஆபத்து.

கடையில் ‘டிக்’ என்று அழுத்திப் பார்க்கும்போது உள்ளே தோட்டா இல்லை, வியர்வை இல்லை, இருட்டு இல்லை, எதிரே யாரும் இல்லை. அந்த நிமிஷத்துக்கு ஏற்ற ட்ரிகரை எல்லா நிமிஷத்துக்கும் ஏற்றது என்று நம்பி வாங்குவதுதான் இந்த மோகத்தின் மூலத் தவறு.